ஜெபம் நடக்கும்போது யாரும் நடக்கக் கூடாது

அலபாமாவில், பருத்திக் காட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நிற்கும் நீபோ மலை பாப்டிஸ்ட் சபைக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது ஆர்டீலியா மோஸ்லியின் வெள்ளைக் கையுறைதான். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலணி, இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கை இடுப்பளவில் லேசாகத் திரும்பும். அது காட்டுகிற பக்கம் போய் உட்கார வேண்டும். அவள் வாய் திறக்க மாட்டாள். வார நாட்களில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளோடு ஓயாமல் வாயாடுகிறவள் இவள்தான் என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

வாசல் ஊழியத்தில் நிற்கிறவள் உட்காரக் கூடாது. பரிசுத்த ஆவி தன்மேல் இறங்கினாலும் கூவக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெபத்தின்போது கண்ணை மூடக் கூடாது. ஜெபம் நடக்கும்போது சபைக்குள் யாரும் நடக்கக் கூடாது என்பது அங்கே தகப்பன் காலத்துக் கட்டுப்பாடு; அதைக் காப்பதற்கு ஒருத்தியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்கள் ஆமென் கேட்கும்வரை வெளிப்படியில் நிற்பார்கள். கதவுக்குக் குறுக்கே ஆர்டீலியாவின் கை நீண்டிருக்கும்.

இப்படி முப்பது வருஷத்துக்கு மேல் அவள் மற்றவர்கள் ஜெபிப்பதைப் பார்த்தே வந்திருக்கிறாள். யார் அழுவார், யார் மேலே பார்த்துச் சிரிப்பார், யார் காலணியை உதறிவிட்டுத் துள்ளுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருத்திக்குப் பரவசம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், பிறகு தோளைப் பிடிக்க வேண்டும், பிறகு விசிற வேண்டும். ஜெபத்திலேயே தேவனுடைய சிங்காசனத்துக்கு முன் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களின் முகத்தை அவளைப் போல் கிட்டத்தில் பார்த்தவர்கள் அந்த ஊரில் இல்லை. அவள் மட்டும் போனதில்லை.

சிங்காசனத்தை யாரும் பார்த்ததில்லை. பார்த்த நாற்காலிகளிலிருந்துதான் மனம் அதைச் செய்துகொள்கிறது. ஆர்டீலியாவின் மனதுக்குக் கிடைத்தது நீதிமன்றத்து நாற்காலி. சிறுமியாக இருந்தபோது சித்தப்பாவின் வழக்குக்கு அப்பா அவளைக் கூட்டிப் போனார். கறுப்பர்கள் என்பதால் அவர்களை மாடிக்கு அனுப்பினார்கள். கீழே, உயரமான மேடையில், கருந்தேக்கு நிறத்தில் ஒரு பெரிய நாற்காலி காலியாக இருந்தது. சேவகன் ஏதோ சொன்னதும், நீதிபதி வருவதற்கு முன்பே, எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அப்பா அவளையும் கையைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்தார். அன்றைக்குப் பதிந்தது அப்புறம் போகவில்லை. சிங்காசனத்தைச் சுற்றிய மரகத வானவில்லையும் அதன் முன்னுள்ள கண்ணாடிக் கடலையும் பற்றிப் பிரசங்கியார் எவ்வளவு சொன்னாலும், கடைசியில் அவளுடைய பரலோகத்தில் அந்தக் கறுத்த நாற்காலிதான் இருக்கும். அதற்கு முன்னால் நீளமான நடைபாதை. பாதையின் இந்தக் கோடியில், கதவருகே, கையுறையோடு அவள்.

சிங்காசனத்தைச் சுற்றி நிற்கிற, முன்னும் பின்னும் கண்கள் நிறைந்த ஜீவன்களைப் பற்றிப் பிரசங்கம் நடந்த ஒரு நாள், கூட நிற்கிற ரொவீனாவிடம் அவள் சொன்னாள்.

"அதுங்கதான் அங்க வாசல் ஊழியம்னு நினைக்கிறேன். ராத்திரி பகல் கண்ணை மூடறதில்லையே."

"இருக்கலாம்டி. ஆனா அதுங்களுக்கு ஆறு சிறகு இருக்கு. நமக்கு முட்டி வலிதான் இருக்கு."

ரொவீனா ஊழியக் குழுவின் தலைவி. எதையும் சிரித்துக் கடந்துவிடுவாள். ஆர்டீலியாவால் அது முடிவதில்லை. வாசலில் நிற்பதே பெரிய பாக்கியம் என்று வருஷந்தோறும் மேடையில் யாராவது சொல்வார்கள். சொல்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்.

வருஷத்தில் ஒரு ஞாயிறு மட்டும் விடுதலை. வாசல் ஊழியர்களின் ஆண்டுவிழா அன்று பக்கத்துச் சபைக்காரர்கள் வந்து கதவில் நிற்பார்கள். இவர்கள் விருந்தாளிகளாக உட்காரலாம். ஆனால் அதுவும் ஆர்டீலியாவுக்கு உதவியதில்லை. போன வருஷம், சபையில் ஜெபம் நடத்தும் கிழவர் டீக்கன் ஓசியா ஜெபித்தபோது அவளுக்குள் ஏதோ திரண்டு மேலே வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாள். ஆர்டீலியாவின் கை தானாகப் போய் அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றியது. திரண்டது கரைந்து போயிற்று.

டீக்கன் ஓசியாவின் ஜெபம் தனி. மேடைக்குக் கீழே ஒரு மர நாற்காலியைப் போட்டு, அதன் முன் முழங்கால் போட்டு, இருக்கையில் முழங்கைகளை ஊன்றிக்கொள்வார். முதலில் பேச்சு போலத் தொடங்கும். பிறகு குரல் மெல்ல அசையும், சபை அடித்தொண்டையில் முனகி அதைத் தாங்கும். எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோவது போல இருக்கும். இந்த வருஷம் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வடக்கே கிளீவ்லாந்தில் இருக்கும் மகள், விழா முடிந்த கையோடு அவரை அங்கே அழைத்துப்போகிறாள்.

"இந்தத் தடவை விட்டா அவர் ஜெபத்துல போக எனக்கு வழியில்ல," என்றாள் ஆர்டீலியா ரொவீனாவிடம்.

"வேற டீக்கன் ஜெபிக்க மாட்டாரா?"

"ஜெபிப்பாங்க. கேட்டுக்கிட்டு நிக்கலாம்."

ரொவீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ஒண்ணு செய். ஓரமா உக்காரு, யார் பக்கத்துலயும் உக்காராத. கையுறையை வீட்டுலயே வெச்சுட்டு வா. நீ அதோட வந்தா மோட்சத்துலயும் ஆளுங்களை வரிசையா உக்கார வெச்சுட்டு நிப்ப."

சொன்னபடியே செய்தாள். நீல உடை. வெறும் கை. மூன்றாவது வரிசையில் சுவரோரம். கதவில் பக்கத்துச் சபையின் இளம்பெண் ஒருத்தி விறைப்பாக நின்றாள். முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆர்டீலியா அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டீக்கனை இருவர் கைப்பிடித்துக் கொண்டுவந்து நாற்காலியின் முன் விட்டார்கள். முழங்கால் போடவே அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. சபை கண்ணை மூடியது. ஆர்டீலியாவும் மூடினாள்.

இருட்டு அவளுக்குப் பழக்கமில்லை. முதலில் பயமாகவே இருந்தது. டீக்கனின் குரல் தொடங்கியது. காலையில் எழுப்பியதற்கு நன்றி சொன்னார், படுக்கை சவப்பெட்டியாக மாறாமல் இருந்ததற்கு நன்றி சொன்னார், பிறகு வர வர ஏறினார். முனகல் சுற்றிலும் எழுந்தது. அந்தக் கறுத்த நாற்காலி, எதிர்பார்த்தபடி, தூரத்தில் வந்து நின்றது. நடைபாதை நீண்டு கிடந்தது. அவள் கதவருகே நின்றாள். பிறகு, எப்படி என்று அவளுக்கே தெரியாது, ஒரு கால் முன்னே வைத்தாள். இன்னொரு கால். நாற்காலி வளரவில்லை, அவள்தான் சிறுத்துக்கொண்டே போனாள். அது பரவாயில்லை என்று இருந்தது. பாதிப் பாதை கடந்திருப்பாள்.

குரல் நின்றது.

சபை முனகிக்கொண்டே இருந்தது. டீக்கன் ஆவியில் மௌனமாகிவிட்டார் என்று எல்லோரும் எண்ணினார்கள், அது நடக்கிறதுதான். எவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆர்டீலியா திறந்தாள். திறக்கக் கூடாது என்று நினைப்பதற்கு முன்பே கண் திறந்துவிட்டது. கிழவரின் ஒரு முழங்கை இருக்கையிலிருந்து நழுவியிருந்தது. முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கை காற்றில் எதையோ தேடியது.

கண்ணை மறுபடி மூடினால் அந்தப் பாதை இன்னும் அங்கே இருக்கலாம். ஒரு மூச்சு நேரம் அவள் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து நடந்தாள். கதவிலிருந்த பெண் பதறி ஓடிவந்து, கையுறைக் கையை இடுப்பளவில் நீட்டித் தடுத்தாள்; ஜெபம் நடக்கிறதல்லவா. ஆர்டீலியா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் போனாள்.

நாற்காலிக்கு முன் முழங்கால் போட்டு அவர் தோளைத் தாங்கினாள்.

"யாரும்மா?" என்றார் கிழவர், மூச்சு விடுகிற குரலில்.

"ஆர்டீலியா, டீக்கன்."

"வாசலை யாரு பாக்கறா?"

"வேற ஆளு இருக்கு. உங்களுக்கு என்ன பண்ணுது?"

"கால் செத்துப்போச்சு. சொல்ல வந்ததும் மறந்துபோச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "எங்க விட்டேன்?"

"பாதி தூரத்துல விட்டீங்க."

"அப்ப தூக்காத. இப்படியே பிடிச்சுக்க. மீதியை நீ சொல்லு."

நாற்காலி அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் போடுகிற மாதிரிச் சாதாரண நாற்காலி. இருக்கையில், இரண்டு முழங்கைகள் ஊன்றுகிற இடத்தில், பூச்சு போய் மரம் வெளுத்திருந்தது. அவள் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு முழங்கையை வெளுத்த ஓர் இடத்தில் வைத்தாள்.

"ஆண்டவரே, இவரால எழுந்திரிக்க முடியல," என்றாள். "எனக்கும் இங்க வந்து பழக்கமில்ல. ஆமென்."

சபை கண்ணைத் திறந்தது. யாரோ தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்கள்.

கிழவருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. மதியம் கீழ்க்கூடத்தில் வறுத்த கோழியும் கீரையும் நன்றாகவே சாப்பிட்டார். ரொவீனா தட்டோடு வந்து ஆர்டீலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போனியா?"

"பாதி போனேன். அப்புறம் அவரைத் தூக்க வேண்டியதாப் போச்சு."

"உனக்கு விதிச்சது அவ்வளவுதான்டி," என்றாள் ரொவீனா. சிரிக்கவில்லை. தன் தட்டில் இருந்த பெரிய சோளரொட்டித் துண்டை எடுத்து இவள் தட்டில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு டீக்கன் ஓசியா ஊரில் இல்லை. அதே நாற்காலியின் முன் வேறொருவர் முழங்கால் போட்டார். ஆர்டீலியா கையுறையோடு கதவில் நின்றாள். ஜெபம் தொடங்கியது, சாதாரண ஜெபம்தான், வண்டி மேடேறவில்லை. ஆனாலும் அவள் கண்ணை மூடினாள். விட்ட இடத்திலிருந்து அந்தப் பாதை கிடைக்குமா என்று பார்த்தாள்; கிடைக்கவில்லை. கதவுக்குக் குறுக்கே இருந்த கை மெல்லத் தாழ்ந்தது. தாமதமாக வந்து படியில் நின்ற ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு, அவள் பக்கமாக உரசி நழுவி உள்ளே போனாள்; தெரிந்தும் ஆர்டீலியா தடுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ரொவீனா பிடித்துக்கொண்டாள். "ஜெபத்துக்கு நடுவுல ஆளை விட்டுட்டியே. தூங்கிட்டியா?"

"இல்ல," என்றாள் ஆர்டீலியா, கையுறையை விரல் விரலாகக் கழற்றியபடி. "அவளாவது போகட்டுமே."