தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

புளியவிடுதி இருளாயிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். வயிற்றில் சுமந்து பெற்றது நான்கு. ஊர் முன்சீப் பிச்சைமுத்துவின் பிறப்புப் புத்தகத்தில் அவள் பேரில் எழுதியிருப்பது பதினொன்று. மீதி ஏழும் தவிட்டுக்கு வாங்கியவை.

பிறந்த பிள்ளை தங்காமல் போகிற வீட்டில், அடுத்தது பிறந்ததும் அதை வேறொருத்திக்கு ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பெற்றவளே பால் கொடுத்து வளர்ப்பாள். ஆனால் "என் பிள்ளை" என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டாள். தேடி வருகிற எமன், இது தவிட்டுக்குப் போன பிள்ளை, அதுவும் யாரோ ஒருத்தியின் பிள்ளை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வாங்குகிறவள் ராசிக்காரியாக இருக்க வேண்டாமா? இருளாயியின் நான்கு பிள்ளைகளும் காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. அவளுக்கு வேலை கறம்பக்குடி அரிசி மில்லில். கூலியோடு தவிடும் கிடைக்கும். ராசியும் தவிடும் ஒரே வீட்டில் இருக்கும்போது ஊர்க்காரர்கள் வேறு வாசலுக்கு ஏன் போகிறார்கள்? அவளும் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. குண்டு உடம்பும் பெரிய குரலுமாக வந்து, படியைத் தலைதட்டி அளந்து, பிள்ளையை வாங்கி உச்சிமோந்துவிட்டுப் போவாள். அவள் வாங்கிய ஏழில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்த ஏழில் மூன்றாவது மூக்காயி. அவளைப் பெற்றவள் அழகம்மாள். அழகம்மாளின் புருஷன் குழந்தைசாமி மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவன். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவான். முதல் இரண்டு பிள்ளைகளையும் அவன் முகம் பார்க்கும் முன்னே மண்ணுக்குக் கொடுத்துவிட்டாள் அழகம்மாள். ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் மூன்றாவது பிறந்தது, பெண். அன்றைக்கே இருளாயி தவிட்டோடு வந்தாள். மூக்கைக் குத்தி மூக்காயி என்று பேரும் வைத்தாள்.

பிறப்பை எழுத வந்த முன்சீப் வழக்கம்போல, "தாய் பேரு அழகம்மாள்னு எழுதிறவா?" என்றார்.

"ஐயோ, வேண்டாங்க!" உள்ளேயிருந்து அழகம்மாள் அலறினாள். "இருளாயி அக்கா பேரை எழுதுங்க. எமனுக்குக் கணக்கு எழுத ஒரு ஆளு இருக்கான்ல? அவன் மொதல்ல ஒங்க புஸ்தகத்தத்தான் பொரட்டிப் பாப்பான்!"

முன்சீப்புக்கு இது நியாயமாகவே பட்டது. அவரே, தனக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் செத்தபின் பிறந்து, தாய் நாலு வீட்டில் பிச்சையெடுத்துப் பேர் வைத்த பிச்சைமுத்து. தாய் இருளாயி, தகப்பன் ஐயனார் என்று எழுதிக்கொண்டார். இருளாயியின் புருஷன் ஐயனார் சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும், "இன்னைக்கும் ஒண்ணா? சொல்லக்கூடாதா புள்ள, எனக்குத் தெரியாமலே நான் அப்பனாயிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தான்.

எட்டு வருஷம் மூக்காயி நன்றாக வளர்ந்தாள். இருளாயியைக் கண்டால் "தவுட்டாத்தா" என்று ஓடி வருவாள். மில்லிலிருந்து வரும்போது மடியில் ஒரு பிடி அரிசிக் குருணையாவது அவளுக்கென்று இருக்கும்.

ஐம்பத்தொன்பதில் குழந்தைசாமியிடமிருந்து தடிமனாக ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. மனைவியையும் மகளையும் மலாயாவுக்கு அழைத்துக்கொள்ள அவன் மனுப் போட்டிருந்தான். அங்கே குடியிருப்பவனின் மனைவியும், வயது வராத சொந்தப் பிள்ளையும் வரலாமாம். ஆனால் சட்டம் சீக்கிரமே இறுகப்போகிறது என்று தோட்டமெல்லாம் பேச்சு. கல்யாணத்துக்கும் பிறப்புக்கும் சர்க்கார் அத்தாட்சி வாங்கி உடனே அனுப்பு, இந்த வருஷம் தப்பினால் பிறகு நானே ஊருக்கு வந்து ஏர் பிடிக்க வேண்டியதுதான் என்று எழுதியிருந்தான்.

அழகம்மாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு தாலுகா கச்சேரிக்குப் போனாள். திரும்பும்போது அழுதுகொண்டே வந்தாள். நேராக இருளாயி வீட்டு வாசலில்தான் உட்கார்ந்தாள்.

"நீ பொஞ்சாதிதான், நீ போகலாங்கிறாங்க அக்கா. மூக்காயி ஒன் பிள்ளை இல்லைங்கிறாங்க. புஸ்தகத்துல இருளாயி மகள்னு இருக்கு, அடுத்தவ பிள்ளைக்கு எப்படி அத்தாட்சி குடுக்கிறதுங்கிறாங்க. எம்... அவள விட்டுட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

அழுகிற நேரத்திலும் "என் மகள்" என்ற சொல்லை அவள் விழுங்கிக்கொண்டதை இருளாயி கவனித்தாள்.

"அதுக்கு என்ன செய்யணுமாம்?"

"நீங்க தாசில்தார் முன்னால வந்து, இது எம்பிள்ளை இல்லைன்னு சொல்லிக் கைநாட்டு வைக்கணுமாம்."

இருளாயியின் பெரிய குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இறங்கியது. "அடியே, அதை என் வாயால எப்படிடி சொல்லுவேன்? எட்டு வருஷமா அந்த ஒரு சொல்லுலதானடி அவ உசுரே நிக்குது. சர்க்கார் காகிதத்துல சொல்லிப்புட்டு, நாளைக்குக் கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அழகம்மாளுக்கும் அதே பயம்தான். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு அப்பன் இல்லை. சொன்னால் பிள்ளையே இருக்குமோ இருக்காதோ. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நன்றாக அழுதார்கள். மூக்காயி மட்டும் நடுவில் உட்கார்ந்து, கப்பலில் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் இருளாயி மில்லில் தவிட்டைப் புடைத்தபடி இதையே யோசித்தாள். மூன்றாம் நாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே அழகம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"எம்பிள்ளை இல்லைன்னு சொன்னாத்தானடி பொய்யும் பாவமும்? வாங்கினத வித்தா அது பொய்யா? ஒரு படித் தவிடு கட்டிக்க. வெள்ளிக்கிழமை கச்சேரிக்குப் போவோம்."

வெள்ளிக்கிழமை இருளாயி, அழகம்மாள், மூக்காயி, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிய முன்சீப் என்று நால்வரும் பஸ் ஏறினார்கள். தாசில்தார் ரெங்கராஜ் கெட்டிக்காரர். எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் போல மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அடுத்தவன் பிள்ளையத் தன் பிள்ளைன்னு கப்பலேத்துற ஆளுங்க நெறைய இருக்காங்கம்மா. எட்டு வருஷமா ஒம்பிள்ளைன்னு இருந்தது, இன்னைக்கு அவ பிள்ளைன்னா நான் எப்படி நம்புறது?"

"என்னைய நம்ப வேணாங்க. அந்தப் புஸ்தகத்தையே பாருங்க" என்றாள் இருளாயி. "அந்தத் தை மாசத்துல நான் என்னென்ன பெத்திருக்கேன்னு வாசிங்க."

தாசில்தார் புரட்டினார். தை மூன்றாம் தேதி, பெண், மூக்காயி, தாய் இருளாயி. இன்னும் கொஞ்சம் கீழே, தை இருபத்தொன்று, ஆண், மூக்கன், தாய் இருளாயி. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். அதே வருஷம் ஆவணியில் இன்னொரு ஆண்.

"பதினெட்டு நாள் எடவெளியில ரெண்டு. அப்புறம் ஏழு மாசத்துல ஒண்ணு!" கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏம்மா, நீ மனுஷிதானா?"

"அதத்தாங்க நானும் கேக்குறேன். நம்புறதுன்னா மூணையும் நம்புங்க. இல்லேன்னா மூணையும் தள்ளுங்க."

அதுவரை விறைப்பாக இருந்த தாசில்தார் சிரிக்கத் தொடங்கியதும் கச்சேரி முழுக்கச் சிரித்தது. மேஜை குமாஸ்தா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முன்சீப் பிச்சைமுத்து மட்டும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"ஓய், இதையெல்லாம் எந்தப் புத்தியில எழுதினீரு?"

"பெத்தவங்க சொன்னாங்க, எழுதினேனுங்க. எழுதின ஏழும் கல்லுக் குண்டாட்டம் இருக்குங்க" என்றார் முன்சீப். அதற்குமேல் அவரைத் திட்ட தாசில்தாருக்கு மனம் வரவில்லை. குழந்தைசாமியின் கடிதங்கள், அவன் ஊருக்கு வந்துபோன வருஷம், மருத்துவச்சியிடம் எழுதி வாங்கி வந்திருந்த வாக்குமூலம் எல்லாவற்றையும் பார்த்துப் பொருத்தினார். மற்ற ஆறையும் இப்போதே திருத்தட்டுமா என்று முன்சீப் கேட்டதற்கு, "அதுங்க கப்பலேறுறப்பப் பாத்துக்கலாம்" என்று புத்தகத்தை மூடினார்.

"சரிம்மா இருளாயி. இது ஒம்பிள்ளை இல்லைன்னு சொல்லிக் கைநாட்டு வை."

"சித்த இருங்க ஐயா." இருளாயி அழகம்மாளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். அழகம்மாள் துணி மூட்டையை அவிழ்த்து ஒரு படித் தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினாள். இருளாயி மூக்காயியின் கையைப் பிடித்து அழகம்மாளின் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. பிறகு முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வித்துட்டேங்க. இனிமே அவ பிள்ளைதான், எழுதிக்கங்க." அவள் சொன்னதைத் தாசில்தாரும் வேறு வார்த்தை கேட்காமல் அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தாட்சி போய்ச் சேர்ந்தது. அனுமதி வந்தது. ஆடி முடிந்த ஒரு நாள் காலையில் அழகம்மாளும் மூக்காயியும் நாகப்பட்டினத்துக்குப் போகக் கறம்பக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். மூக்காயிக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. மில்லிலிருந்து உமி படிந்த தலையோடு ஓடி வந்தாள் இருளாயி. கையில் சின்னதாக ஒரு துணி முடிச்சு. அதை ஜன்னல் வழியே அழகம்மாளின் மடியில் போட்டாள்.

"என்னக்கா இது?"

"தவிடு. நீ குடுத்த படியில ஒரு கை. கச்சேரிக்குப் பொய் சொல்லல, வித்தது வித்ததுதான். ஆனா ஒரு கை நான் வாங்கிக்கல. வெலை முடியல பாத்துக்க, அதனால அந்தளவுக்கு அவ இன்னும் எம்பிள்ளை. எவன் தேடி வந்தாலும், மொதல்ல புளியவிடுதி இருளாயிகிட்டப் போயிப் பேசிட்டு வான்னு சொல்லு. நான் பேசிக்கிறேன்."

அழகம்மாள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்து, பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள். "எம்மக நல்லா இருப்பாக்கா. ஒங்க ஒரு கை இருக்குல்ல."

பஸ் நகர்ந்தது. "தவுட்டாத்தா, தவுட்டாத்தா" என்ற சத்தம் கடைத்தெரு முனைவரை கேட்டது. இருளாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

முன்சீப் புத்தகத்தில் இப்போது அவளுக்குப் பத்துதான். ஆனால் அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அவள் பதினொன்று என்றுதான் சொல்லிவந்தாள். ஒன்று மலாயாவில் இருக்கிறது, ஒரு கைத் தவிடு பாக்கி என்பாள்.