மஞ்சள் தடவாத தந்தி

கோந்தும் ஈரமும் கலந்த ஒரு வாசம். தந்தி என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் அதுதான் முதலில் என் மூக்குக்கு வருகிறது. அப்போது எனக்கு எட்டு வயது. இலங்கையில் கண்டிக்கு அருகே, பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், "காம்பரா" என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறையில், அப்பாவும் நானும் அம்மாவுக்காகக் காத்திருந்தோம். எனக்கு அடுத்த பிள்ளை பிறந்தவுடன் இறந்துபோனதால், இந்தப் பேறுகாலத்துக்கு அம்மா கடல் கடந்து இந்தியாவில் தாய்வீடு போயிருந்தாள். போய் ஆறு மாதமாகியும் ஒரு கடிதம் வரவில்லை.

ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த நேரத்தில் தந்திக்காரர் வந்து, அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, மழைக்குப் பயந்து அவசரமாக இறங்கிப் போய்விட்டார். அதற்கு முன் எங்கள் லயத்துக்கு வந்த மூன்று தந்திகளும் சாவுச் செய்திகள். நல்ல செய்தியென்றால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவது எங்கள் வழக்கம். இதில் மஞ்சள் இல்லை. தந்தி ஆபீசில் யார் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் அக்காவான என் அத்தை காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "மூலையில மஞ்சளக் காணோமே, தம்பி! நம்மள விட்டுப் போயிட்டாளே!" என்று மாரில் அடித்துக்கொள்ள, லயம் முழுக்க அழுகை பற்றிக்கொண்டது.

இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா கண்டிக்குப் போயிருந்தார், மறுநாள்தான் திரும்புவார். துரையின் பங்களாப் படியில் ஒரு காகிதத்தோடு போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பெருமையில் நான் அதை விளக்கருகே கொண்டுபோய், ஒரு தமிழ் எழுத்தாவது கிடைக்காதா என்று வரி வரியாகத் தேடினேன். கிடைக்கவில்லை. கிளாக்கரையா வந்து படிக்கட்டும் என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "படிச்சு என்னா ஆகப்போவுது, ஆயி? போன உசுரு திரும்பவா போவுது?" என்றார் கங்காணி. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

அம்மா செத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே என்று ஒரு நிமிடம் தோன்றும். எப்படித் தெரியும் என்று மறுநிமிடம் அந்தக் காகிதத்தை மறுபடி விளக்கில் பிடித்துப் பார்ப்பேன். அப்படியே விடிந்தது. காலையில் சாவுச் சடங்குக்காக அப்பாவை ஓடைக்கு அழைத்துப்போய்த் தலையையும் மீசையையும் மழித்து, ஈரத்துணியோடு கொண்டுவந்து வாசலில் உட்கார வைத்தார்கள்.

பொழுது சாயும் நேரம், இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் ஒரு மூட்டையுமாக ஒருத்தி பாதையில் ஏறி வந்தாள். அம்மாதான். ஸ்டேஷனில் யாரையும் காணாமல் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, வழி கேட்டுக் கேட்டுத் தனியாக வந்திருக்கிறாள். அத்தை பேயைக் கண்டவள் போல அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா அதைக் கவனிக்கவேயில்லை. அவள் கண் அப்பாவின் மொட்டைத் தலையில் நிலைத்திருந்தது. மூட்டை கீழே விழுந்தது. "எம் புள்ள எங்க? எம் புள்ளய என்னா செஞ்சீங்க?" என்று அவள் கத்திய கத்தலில் இடுப்புப் பிள்ளையும் வீறிட்டது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

அன்று இரவு கிளாக்கரையா வந்து தந்தியை வாசித்தார். யாழ்ப்பாணத்து மனிதர், தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ பிள்ளையோட ஊரிலயிருந்து வெளிக்கிட்டிட்டா, கண்டி ஸ்டேஷனுக்கு வாங்கோ எண்டெல்லோ கிடக்கு! நீங்கள் என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்?" அப்பாவுக்கு முடி வளரும்வரை அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை.

இப்போது தந்தியும் இல்லை, தந்திக்காரரும் இல்லை. என் பேத்தி கைத்தொலைபேசியில் முகம் காட்டி, ரயிலேறிவிட்டேன், பேராதனை தாண்டிவிட்டேன் என்று அடிக்கொரு செய்தி சொல்கிறாள். இன்னும் கொஞ்ச காலத்தில் மனதில் நினைத்த மாத்திரத்திலேயே சேதி போய்விடும் என்கிறாள். போகட்டும். செத்துப்போனாள் என்று எல்லோரும் அழுது முடித்த அம்மா, இடுப்பில் ஒரு பிள்ளையோடு பாதையில் ஏறி வருவதைப் பார்க்கும் பாக்கியம் இனி எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது. கிடைக்காமலே போகட்டும்.