அம்மாவின் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் முகப்பில் கழிவுநீர்க் கானின் மூடி ஒன்று சற்று எழும்பி நிற்கும். அப்பாவின் தொண்ணூறு சீசீ மோட்டார் சைக்கிள் அதில் ஏறி இறங்கும்போது, பின்பக்கத்தில் "டொக்" என்று இரும்போடு இரும்பு இடிக்கும். அதைத் தொடர்ந்து, பின்னால் இருக்கும் அம்மா பல்லைக் கடித்து மூச்சை இழுப்பது பெட்ரோல் தாங்கியின் மேல் குந்தியிருக்கும் எனக்குக் கேட்கும்.

அம்மா வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். என் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு "நாரி உளைவு" என்கிற இடுப்புவலி வந்து பஸ்ஸில் நின்று போக முடியாமல் போனதால், அப்பா எங்கள் இருவரையும் ஏற்றிப்போய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார். ஆனால் குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங்கான "ஷொக்" தேய்ந்துபோயிருந்தது. இப்படியே குலுங்கிக்கொண்டு போனால் வேலையை விடத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தே தைக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, "வீட்டிலை இருந்து ஆரோடை கதைக்கிறது, சுவரோடையா?" என்றார் அம்மா.  ஆனால் அன்று இரவே வீட்டுத் தையல் மெஷினின் உறையைக் கழற்றித் தூசி தட்டி வைத்தார்.

சித்தப்பாதான் வழி சொன்னார். "அண்ணை, பெரிய பைக்கின்ரை ஷொக்கைப் போடுங்கோ. பஞ்சிலை இருக்கிற மாதிரி இருக்கும்." அடுத்த ஞாயிறு இருவரும் வண்டிச் சாமான்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனார்கள். ஷொக்கைப் பூட்டிய பிறகு யாராவது பின்னால் ஏறி இருந்து பார்க்கவேண்டும். ஆம்பிளைகள் நிறைந்த கராஜில் தன் மனைவியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது அப்பாவின் எண்ணத்திலேயே வந்திராது. ஆகவே அம்மாவைப்போல் இரண்டு பங்கு இருக்கும் சித்தப்பா ஏறி இருந்தார். பூட்டிக் கொடுத்த, எல்லாரும் நானா என்று கூப்பிடும் மெக்கானிக் அவருடைய கனத்துக்கு ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டார். இரண்டு பேரும் முகத்துவாரம் வரை ஓடிப்பார்த்துவிட்டு, சத்தமே இல்லை என்று சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை வண்டியின் பின்பக்கம் வெட்டுக்கிளிபோல் உயர்ந்து நின்றது. சேலையோடு ஒருபக்கமாக இருப்பதற்கு அம்மா வாசற்படியில் ஏறித்தான் அதில் ஏறவேண்டியிருந்தது. கான் மூடியில் "டொக்" கேட்கவில்லை. பதிலாகப் பின் இருக்கையே அம்மாவைத் தூக்கி எறிந்தது. கொள்ளுப்பிட்டி வரும்போது அம்மா அப்பாவின் தோளில் தட்டினார். இறங்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"இது உங்கடை தம்பிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. எனக்கு எப்பிடிப் பொருந்தும்?"

"அப்ப பழசையே போடுவமோ?" என்றார் அப்பா.

"பழசும் வேண்டாம். வாற ஞாயிறு நானும் வாறன்."

வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். கராஜில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டு நின்றார். அம்மா ஸ்டூலில் கால்வைத்து ஏறி இருந்துகொண்டு, "தளத்துங்கோ நானா" என்றார்.

"இதுக்கு மேல தளத்த ஏலா தங்கச்சி. இது பெரிய பைக்குட சாமான்."

"அப்ப இந்தச் சைக்கிளின்ரை அளவிலையே புதுசு போடுங்கோ."

அங்கே வந்திருந்த சித்தப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. "அண்ணி, பிறகு நான் ஏறினா இடிக்குமே?"

"அதுக்கென்ன தம்பி, நீங்கள் பஸ்ஸிலை போங்கோ."

நானா கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். புதிதைப் பூட்டி, அம்மாவை இருத்தி, இறக்கி, சற்று இறுக்கி, மறுபடி இருத்தி, கடைசியில் அம்மா "இது காணும், போதும்" என்ற பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். நாரி உளைவு முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டு மெஷினுக்கு மறுபடி உறை போட்டாயிற்று. நான் பள்ளிப் படிப்பை முடித்த பிறகும் அம்மா அந்தக் கடையில்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் சேலையோடு ஒருபக்கமாக இருந்துகொண்டு போகும் பெண்களை அதிகம் காணமுடிவதில்லை. பின்பக்கத்தை உயர்த்திப் பளபளக்கும் ஷொக் போட்ட பைக்குகள்தான் போகின்றன. அப்படி மாற்றுவது பிரயோசனமா என்று கேட்டால், ஓட்டுகிறவருக்கு இருக்கலாம் என்பேன்.

என் முழங்கால் வலியை நினைத்து, போன மாதம் என் கணவர் தன் ஸ்கூட்டரின் பின் ஷொக்கை மாற்றப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். பஞ்சிகாவத்தையில் வண்டியின் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்து, பெட்டியை எடுத்து உடைத்து, பூட்டி முடித்துவிட்டார்கள். ஆளை இருத்திப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லாமற் போய்விட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நாலு பேர் பார்க்க நிற்பதே எனக்குக் கூச்சம். ஆனாலும் போய் ஏறி இருந்தேன். இறுக்கமாக இருந்தது. தளர்த்தச் சொன்னேன்.