இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு

வானம் லேசாக உறுமினால் போதும், என் பக்கத்து வீட்டு மதிவாணன் அண்ணன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடிப் பிளக்குகளைப் பிடுங்குவார். பாசிர் கூடாங் எண்ணெய்த் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேல் கிரேன் ஆடினாலும் அசையாத மனிதர். எப்போதோ ஒரு மின்னலில் அவருடைய புது டிவி கருகிப்போனது. அன்று பிடித்த கிலி. ஒருமுறை பாதி வெந்த சோற்றோடு குக்கர் பிளக்கையும் பிடுங்கி, மனைவி செல்லம் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் ஊர் மாசாயில் மாலையானால் இடி வந்துவிடும், ஆகவே மனிதருக்கு ஓய்வு காலத்திலும் வேலைக்குக் குறைவில்லை.

அந்த வீட்டில் விண்டோஸ் ஏழு ஓடும் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. மகள் லோஷினி படித்த காலத்தில் வாங்கியது. அவள் கல்யாணமாகி யோங் பெங் போய்விட்டாள். பெட்டி மட்டும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அதைக் கிளப்பினால், சிஸ்டம் கோப்பு கெட்டுவிட்டது என்று திரையில் எழுத்து வந்து அப்படியே நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"வைரஸ்தான் தம்பி. மருமகன் பென்டிரைவ சொருகுனாரு," என்றார் அண்ணன். அவருக்கு மருமகனைப் பிடிக்காது.

"இத எப்படிண்ணே மூடுவீங்க?"

"இடி வந்தா புடுங்கிருவேன்."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"இடி என்ன சொல்லிட்டா வரும்?"

"அலமாக்! மின்னல் இத ஒன்னும் பண்ணலண்ணே. நீங்கதான் கெடுத்து ரோசாக் ஆக்கிட்டீங்க. எழுதிக்கிட்டு இருக்கறவன் கையத் தட்டிவிட்டா எழுத்து என்ன ஆகும்?"

அண்ணன் மூஞ்சி சுருங்கிப்போனது. வேறு வாங்கிக்கொள்ளலாமே என்றேன். அப்போதுதான் செல்லம் அக்கா வாய் திறந்தார். கோயிலில் நவராத்திரி என்றால் அக்கா பாட்டுதான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் போய்விட்டது, இப்போது பேசினாலே கரகரப்பு. லோஷினி பதிவு செய்த பழைய பாட்டுகள் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தன. அண்ணன் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா தனியாகப் போட்டுக் கேட்பாராம். அது அண்ணனுக்கே அன்றுதான் தெரியும்.

"அப்ப டிஸ்க்க மட்டும் கழட்டி, என் கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துரலாம்க்கா."

"என்னயத் திறந்து பாத்தது போதும் தம்பி. இத யாரும் திறக்க வேணாம்."

பெட்டியைத் திறக்காமலே விண்டோஸ் குறுந்தட்டைப் போட்டு, கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தேன். அது கெட்ட கோப்புகளைத் தேடி எடுத்து, அந்த இடத்தில் நல்லதை வைக்கும். நேரமாகும் என்று ஒரு வரி வந்தது, கீழே ஒரு கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போனால் மிச்சமிருப்பதும் போய்விடலாம் என்று எச்சரித்தேன்.

சொல்லி வாய் மூடவில்லை, இடித்தது.

அண்ணன் கை தானாகச் சுவருக்குப் போனது. அக்கா குறுக்கே வந்து நின்றார். "கைய வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அடுத்த இடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. "செல்லம், என் கைய நானே நம்ப மாட்டேன். என்னய வெளிய தள்ளிப் பூட்டிரு."

அக்கா யோசிக்கவே இல்லை. புருஷனைப் போர்ச்சில் தள்ளி, கிரில் கதவை இழுத்து, மங்கா பூட்டை மாட்டி அழுத்திப் பூட்டினார்.

மழை ஊற்றியது. ஒவ்வொரு இடிக்கும் அண்ணன் அங்கே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி வந்து கம்பியை உலுக்கினார். "முடிஞ்சிருச்சா லா?" எதிர்வீட்டுச் சீன அம்மா குடையோடு நின்று வேடிக்கை பார்த்தார். குடித்துவிட்டு வந்த ஆளை வீட்டுக்காரி சேர்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

ஒரு வழியாக, கெட்ட கோப்புகள் சரியாகிவிட்டன என்று வரி வந்தது. மறுபடி கிளப்பினேன், விண்டோஸ் எழுந்துகொண்டது. முதல் வேலையாகப் பாட்டுகளை மருமகனின் அதே பென்டிரைவில் இறக்கினேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓர் அம்மன் பாட்டைச் சத்தமாக வைத்தார். அந்தக் குரலை நானும் மறந்துதான் போயிருந்தேன். வெளியே கம்பிச் சத்தம் நின்றுவிட்டது.

பாட்டு முடிந்ததும் அக்கா பூட்டுச் சாவியைத் தேடினார். பதற்றத்தில் எங்கே வைத்தாரோ, கிடைக்கவில்லை. "உங்க கொத்துல இன்னொரு சாவி இருக்குமே!" என்று வெளியே குரல் கொடுத்தார்.

இருந்தது. மோட்டார் சைக்கிள் சாவியோடு, அத்தனை இடிக்கும் அவர் கையிலேயேதான் இருந்தது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு பாட்டு போடு செல்லம். அப்புறம் திறக்கிறேன்."