ஏத்தம், வத்தம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு மூக்கக்கா என்றுதான் பெயர். கேட்டைத் தாண்டும்போதே எந்தத் தொட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். ஊரின் கக்கூஸ்கள் அனுப்பிவைப்பதைப் பாட்டிலில் பிடித்துச் சோதிக்கிற வேலை, பத்தொன்பது வருடமாக. "அண்ணிக்கு சென்ட் கம்பெனியில வேலையா?" என்று கேலி செய்த கொழுந்தனை, "உன் வீட்டுச் சரக்கும் அங்கதான் வருது, பாத்துப் பேசு" என்று ஒரே போடாகப் போட்டவள்.

சுத்தம் செய்த தண்ணீர் ஒரு குழாய் வழியே ஆற்றில் விழும். கடல் பக்கத்தில் இருப்பதால் ஆறு தினமும் ஏறி இறங்கும். ஏறினால் குழாய்வாய் முங்கிவிடும், இறங்கினால் வெளியே தெரியும். ஆற்றுமுகத்தில் நண்டு பிடிக்கிற அவள் தம்பி அதை ஏத்தம், வத்தம் என்பான். அவளும் பதிவேட்டில் மணிக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதுவாள். ஏத்தத்தில் எடுத்த பாட்டிலில் பாதி கடல்தான், அதை நம்பக் கூடாது என்பது அவள் கட்சி.

தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயர் இரண்டும் படுத்து மூன்று மாதமாகிவிட்டது. காற்றில்லாமல் கழிவைத் தின்னும் கிருமிகள் செத்துப்போக, வந்தது வந்தபடி ஆற்றுக்குப் போனது. தம்பியின் காலெல்லாம் புண். அதைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிலைய மேலாளரோ புது புளோயர் கேட்டு எழுதுவதை விட்டுவிட்டு, அவள் பதிவேட்டில் கை வைத்தார்.

"என்னம்மா ஏத்தம் வத்தம்னு? மணி மட்டும் போடு. இனிமே ஏத்தத்துலயே பாட்டில் எடு."

"அப்ப ரிசல்ட் நல்லா வரும் சார்."

"அதுக்குத்தானே சொல்றேன்."

"தண்ணி நல்லா வராதே சார்."

அவர் அந்தச் சொல்லை அடித்தார். மறுநாள் அவள் மறுபடி எழுதினாள். அடிக்க அடிக்க எழுதினாள். கடைசியில், "நகராட்சி ஆபீஸ்ல பிறப்புச் சான்றிதழ் கவுன்டருக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டினார். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அந்த நாற்றம் பிடித்த இடத்தை அவள் அவ்வளவு நேசித்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா சோதனைக்கு வந்தார். மேலாளர் சரியாக ஏத்தம் பார்த்துக் காலை எட்டு மணிக்கு வரவழைத்திருந்தார். ஒன்றும் தெரியாத மனுஷன் இல்லை பாருங்கள்!

மூக்கக்கா காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் எடுக்கல?" என்றார் அதிகாரியம்மா.

"இப்ப எடுத்தா கடலுக்குத்தான் மேடம் சர்டிபிகேட் குடுக்கணும். தண்ணி இறங்கட்டும்."

"மேடத்துக்கு நேரமில்லம்மா!" என்று பாய்ந்தார் மேலாளர்.

"எனக்கு இருக்கு சார். சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

அதிகாரியம்மா அவளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலாளர் மட்டும் குட்டிபோட்ட பூனையாக நடந்தார். பத்தரைக்குக் குழாய்வாய் தலை காட்டியது. கறுப்பாக, நுரையோடு கொட்டியது. அதிகாரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். மூக்கக்கா பொத்தாமல் குனிந்து பாட்டிலை நிரப்பினாள்.

மூன்றாம் வாரம் புது புளோயர்கள் வந்தன. மாற்றல் உத்தரவும் வந்தது. அவளுக்குத்தான், கவுன்டருக்கு. அதிகாரியம்மாவால் ஒன்றைத்தான் செய்ய முடிந்தது போலும்.

மேலாளர் உத்தரவை நீட்டினார். "வாங்கிட்டேன்னு எழுதி, மணி போட்டு, கையெழுத்துப் போடு."

அவள் ஜன்னல் வழியே ஆற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தி எழுதினாள்: 'பெற்றுக்கொண்டேன். காலை 11.10. வத்தம்.' அந்தச் சொல்லின் மேலேயே கையெழுத்தையும் போட்டாள்.

அவர் பழக்கத்தில் பேனாவைத் திறந்தார்.

"அடிங்க சார்," என்றாள். "அடிச்சா மாற்றல் செல்லாது."