மூச்சு விட்டுக்கொண்டே எடுத்த படம்

அக்காவின் ஈரலில் இருந்த கட்டியைச் சின்னதாக இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். கத்தி வைக்க வேண்டாம், மெல்லிய ஊசியைச் செருகிச் சூடேற்றியே பொசுக்கிவிடலாம் என்றார் கோலாலம்பூர் டாக்டர். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சூடு எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று படம் பார்த்தபடியே செய்வார்களாம். ஈப்போவிலிருந்து நம்பிக்கையோடுதான் அவளைக் காரில் அழைத்துப் போனேன்.

படம் எடுக்கும்போது ஈரல் அசையக் கூடாது, மூச்சை அடக்க வேண்டும் என்றார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாமென்றால் அவள் நுரையீரல் தாங்காது. பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் கல்யாணம்வரை வேலை செய்தவள். தோட்டத்தை விற்றுத் தாமான் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். இருமல் அவளோடு தங்கிவிட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "தாஹான் நஃபாஸ்" என்று, மூச்சை அடக்கும்படி மலாயில் ஒலிபெருக்கி சொல்லும். மூச்சைப் பிடிப்பாள், பாதியிலேயே இருமல் வெடிக்கும். ஈரல் நகர்ந்ததும் சூடே படாத இடமெல்லாம் திரையில் சிவந்தது. எது உண்மையான சூடு என்று தெரியாமல் டாக்டர் நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"மூச்சு விடாம படுக்கணும்னா, செத்தவதான்லா படுப்பா" என்றாள் அக்கா, வெளியே வந்து.

மாத்திரை தின்றாள். கட்டி வளர்ந்தது. இனி ஊசிச் சூடு போதாது என்றார்கள்.

அடுத்த ஆண்டு அதே டாக்டர் போன் செய்தார். மூச்சு விடும்போதே, அசைவையும் கணக்கில் சேர்த்து, வேகமாகச் சூட்டை அளக்கும் முறை வந்திருக்கிறதாம். சூடேற்றாமல் வெறும் படம் எடுத்துச் சோதிக்க, சீராக மூச்சுவிட முடியாதவர்கள் வேண்டுமாம்.

"போவ வேணாங்க்கா. நம்மள என்னான்னு நெனச்சிட்டாங்க?"

"போலாம் வா தம்பி. எனக்குப் பாக்கணும்."

படுத்தாள். இஷ்டத்துக்கு இருமினாள். திரை கலங்கவில்லை, சூடேற்றாத ஈரல் கடைசிவரை ஒரே நீலமாக நின்றது. கணினி முன் இருந்த இளைஞர்கள் கைதட்டினார்கள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார் டாக்டர்.

"அப்ப இப்ப எனக்குச் செய்யலாமா டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். "கட்டி பெருசாயிடுச்சேம்மா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

திரும்பும் வழியில் தாப்பா ஊரில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். "எல்லாரும் கைதட்டுனாங்கல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஊதி ஊதிக் குடித்தாள்.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டாள். அந்த முறையில் இப்போது சிகிச்சை நடக்கிறதென்று பேப்பரில் வந்திருந்தது. முழுதாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.