துணி காயாத ஊர்

எங்கள் ராஜபாளையத்திலிருந்து கேரளாவுக்குப் போகிறவர்கள் இரண்டே வகை. மாலை போட்டவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். சும்மா இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று யாரும் போய் நான் பார்த்ததில்லை. சும்மா போவதென்றால் குற்றாலம், கொஞ்சம் கையில் காசு இருந்தால் கொடைக்கானல். மேற்கே தினமும் கண்ணில் படுகிற மலைக்கு அந்தப் பக்கம் கேரளாதான். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் மழை என்பார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் சபரிமலைக்குப் போனவர். போகும்போது விரதம், வரும்போது தூக்கம். கேரளாவைப் பார்த்தாரா என்றால் இல்லை. கருத்து மட்டும் நிறைய உண்டு. தேங்காயெண்ணெய்ச் சாப்பாடு, குண்டு அரிசி, ஓயாத மழை, மனுஷன் இருப்பானா அங்கே?

இந்த லட்சணத்தில்தான் எங்கள் மகளுக்குப் புனலூரில் வேலை கிடைத்தது. பிசியோதெரபி படித்தவள். பக்கவாதத்தில் கைகால் விழுந்தவர்களை நடக்கவைப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் ஆஸ்பத்திரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்கிலும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். அங்கே முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்றாள். திங்கட்கிழமை புனலூருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "அந்த வேலைக்குப் போகலைன்னா நான் படிச்சதே தண்டம்ப்பா" என்று அழுதுவிட்டாள். கடைசியில் அவர், "வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். அந்த மட்டுக்கும் இறங்கினாரே என்று வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேரும் ரயில் ஏறினோம்.

பொடி தடவிய இட்லி, புளிசாதம், கூடவே ஒரு கேன் தண்ணீர். அங்கே தண்ணீருக்கா பஞ்சம் என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி மாறிக் குடிச்சா சளி பிடிக்கும்" என்று கேனை அவரே தூக்கி வந்தார்.

செங்கோட்டை தாண்டி வண்டி மலைக்குள் போனது. ஒரு பெரிய குகை. இந்தப் பக்கம் வெயிலில் நுழைந்த வண்டி அந்தப் பக்கம் மழையில் வெளியே வந்தது. "சொன்னேம்லா?" என்று அவர் ஜன்னலை இறக்கினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பாலத்துக்குக் கீழே பள்ளத்தாக்கைப் பார்க்க மறுபடி ஏற்றினார்.

மகளுக்குப் பார்த்திருந்தது ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டின் சொந்தக்காரர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களை லாட்ஜில் தங்க விடமாட்டேன் என்று அவரும் அவர் மனைவியும் அந்த அறையையே ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். தென்காசி ரூட்டில் ஓடியவர் என்பதால் பஸ் ஸ்டாண்டில் கற்ற தமிழ் அவருக்கு நன்றாக வந்தது. எடுத்த எடுப்பிலேயே என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்றார்.

எங்கே போனாலும் என் வீட்டுக்காரருக்கு இரண்டு செட் வேட்டி சட்டைதான். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று. ராத்திரி அலசிப் போட்டால் காலையில் மொடமொடவென்று காய்ந்திருக்கும். எங்கள் ஊர் ஆனி மாசக் காற்றுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. கிளிப் மாட்டாவிட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும். துணி காய்வது ஒரு விஷயம் என்றே நாங்கள் நினைத்ததில்லை.

வெள்ளி ராத்திரி அலசிப் போட்டது சனிக்கிழமை காலையில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது செட்டைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். திரும்பும் வழியில் தொப்பலாக நனைந்தோம். வந்ததும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? துண்டைக் கட்டிக்கொண்டு, நனைந்தது நனைந்ததுதானே என்று அதற்கும் சோப்புப் போட்டுக் கொடியில் விரித்துவிட்டார்!

"ஏங்க, பொறவு எதைக் கட்டுவீங்க?"

"செத்த நேரத்துல காஞ்சிரும்."

கீழே நின்று பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, ஆடி கழிஞ்சு வாங்க, காஞ்சிருக்கும்" என்றவர், தன் கைலி ஒன்றையும் சட்டை ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார்.

கைலியோடு எங்கள் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவர் என் வீட்டுக்காரர். மில்லில் சூப்பர்வைசர், யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? புனலூரில் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஒரே குடைக்குள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஆற்றுக்கு மேலே தொங்குபாலத்தில் இரண்டு தடவை நடந்து, அதன் சங்கிலியைக் கரையில் எப்படி இறுக்கியிருக்கிறான் என்று குனிந்து பார்த்துவிட்டு, பழம்பொரி தின்ற கையோடு மத்தியானத்துக்குத்தான் வந்தார்கள். அந்த வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார்கள். இவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "தேங்காயெண்ணெ வாசமே தெரியலையே" என்றார். மூக்கு உள்ள யாருக்கும் தெரியும். எங்கள் புளிசாதத்தை வீட்டுக்கார அம்மா ருசித்துச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலையில் கைலியை மடித்துக் கட்டி, வராந்தா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "சேட்டா, இந்த மழை நிக்கவே நிக்காதா?" என்று வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டார். நின்றுவிடக் கூடாதே என்று கேட்ட மாதிரி இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு நாளாக அந்த அம்மா அடுப்படிப் பக்கமே என்னை விடவில்லை, எனக்கு இதைவிட என்ன வேண்டும்? "ம்மா, அப்பா ஃபிளாட்" என்று மகள் என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று மத்தியானம் அரைகுறையாகக் காய்ந்த வேட்டியோடு ரயில் ஏறியவர், வண்டி கிளம்பியதும் வாயைத் திறந்தார். "வேண்டாம், தாயி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போ."

மகள் முகம் சுண்டிப்போனது. "ஏம்ப்பா? எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

"அதான் சொல்லுதேன். ஊரும் நல்லா இருக்கு, சனமும் நல்லா இருக்கு. எம்புட்டு நல்லா இருக்கு! மோசமா இருந்திருந்தா அனுப்பியிருப்பேன். ஆறு மாசத்துல ஓடி வந்திருப்ப. இங்க வந்தா நீ திரும்ப மாட்ட."

எனக்கு வந்ததே கோபம். "பிள்ளைய நல்ல இடத்துக்கு அனுப்ப மாட்டேங்கிற அப்பனை இன்னைக்குத்தான் பாக்கேன். அவ நல்லா இருக்கணும்னு பாக்கியளா, பக்கத்துலயே இருக்கணும்னு பாக்கியளா?" எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

செங்கோட்டை வந்தது, தென்காசி போனது, வெளியே காய்ந்த வெயில். மகள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. சங்கரன்கோவில் தாண்டிய பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, போ. ஒண்ணே ஒண்ணு. நாங்க அங்க வர மாட்டோம். நீதான் வரணும். நாங்க வந்துக்கிட்டே இருந்தா நீ ஊருக்கு எதுக்கு வரப்போற?"

மகள் அதை விளையாட்டு என்று நினைத்து அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. அவரோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்குத் தெரியாதா?

இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எழுந்து நடக்கவே மாட்டார் என்று விட்ட ஒருவர் போன வாரம் வாசல்வரை நடந்தார் என்று போனில் கத்துகிறாள். பேச்சில் மலையாள இழுவை வந்துவிட்டது. முதலில் மாசம் ஒருதரம் வந்தாள், இப்போது அது குறைந்துவிட்டது. ஓண லீவுக்கு வருகிறாள். தீபாவளிக்கு அங்கே லீவு ஒரு நாள்தான், அதிலும் அவளுக்கு டூட்டி. சேட்டா அவ்வப்போது கூப்பிட்டு, "அண்ணாச்சி, எப்ப வாரீங்க?" என்பார். இவர் "வாரேன், வாரேன்" என்பார். அதோடு சரி.

இந்தத் தீபாவளிக்கு நான் போகிறேன். முறுக்கு சுட்டுக்கொண்டே, "நீங்களும் வாங்க. உங்களுக்குப் பிடிச்ச ஊருதான?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா. நானும் வந்துட்டா, அவ வாரதுக்கு இங்க யாரு இருக்கா?" என்றார்.